இரண்டு வெள்ளம், இரண்டு நகராட்சி முறை: கால்வெஸ்டனும் டேட்டனும்

1900 செப்டம்பரில் டெக்சாசின் கால்வெஸ்டனைப் புயல் புரட்டிப்போட்டது. குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். பழைய நகர்மன்றத்தால் இதைச் சமாளிக்க முடியாது என்று உள்ளூர் வணிகர்கள் முடிவுகட்ட, 1901இல் அதற்குப் பதிலாக, சட்டமும் போட்டு ஆளுக்கொரு துறையையும் நடத்தும் ஐந்து பேர் ஆணையம் வந்தது. நிதி ஒருவருக்கு, போலீசும் தீயணைப்பும் ஒருவருக்கு, குடிநீரும் கழிவுநீரும் ஒருவருக்கு, தெருக்கள் ஒருவருக்கு. தலைவராக மேயர்.

ஓஹாயோவின் டேட்டனில் 1913 மார்ச்சில் பெருவெள்ளம். அங்கே ஆணையம் கொள்கையை மட்டும் வகுத்தது. அன்றாட நிர்வாகத்தை, 1914 முதல், சம்பளத்துக்கு அமர்த்திய நகர மேலாளர் பார்த்தார். முதல் மேலாளர் ஹென்றி வெயிட் ஒரு பொறியாளர். இதற்கு முன்னின்று பிரசாரம் செய்தவர் கல்லாப்பெட்டி இயந்திர முதலாளி ஜான் பேட்டர்சன். நகரத்தையும் கம்பெனி மாதிரி நடத்தலாம் என்பது அவர் கணக்கு.

அவசரத்துக்குக் கால்வெஸ்டன் முறை நல்லதுதான். ஆனால் சட்டம் போடுபவரே துறையையும் நடத்தினால் அவரைக் கேள்வி கேட்பது யார்? மற்ற நால்வரும் தங்கள் துறைக்குப் பணம் வாங்கும் கவலையில் இருப்பார்கள். கால்வெஸ்டனே 1960இல் அதைக் கைவிட்டது. பெரிய நகரங்களில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து மட்டும் 2024 வரை இழுத்தது, அது தனிக்கதை.

எனக்கு டேட்டன் முறைதான் சரி. வேலை கெட்டால் மேலாளரை ஆணையமே நீக்கலாம், அடுத்த தேர்தலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு குறை இரண்டுக்கும் பொது: வார்டுகளை ஒழித்து நகரம் முழுவதும் ஓட்டுப் போட வைத்ததில், ஏழைகள், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளின் குரல் அமுங்கிப்போனது.