பிரைட்குரூம்: லாயக்காரனா, மனிதனா?

ஆங்கிலத்தில் மாப்பிள்ளைக்கு 'பிரைட்குரூம்'. பிரைட் என்றால் மணப்பெண். தகராறு 'குரூம்' பற்றித்தான். குதிரை தேய்க்கும் லாயக்காரனும் குரூம்தானே, ஆகவே இது பெண்ணின் பணியாள் என்பது ஒரு விளக்கம். கேட்க ருசி, ஆனால் தேறாது: குதிரைப் பொருள் ஊன்றியது 17ஆம் நூற்றாண்டில், மாப்பிள்ளைச் சொல்லோ பழைய ஆங்கிலத்திலேயே (சுமார் 12ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய ஆங்கிலம்) உண்டு.

அங்கே அதன் வடிவம் 'பிரூட்குமா'. 'குமா' என்றால் ஆண், மனிதன். மனிதன் என்று பொருள்படும் லத்தீன் 'ஹோமோ'வுக்கு உறவு. மாப்பிள்ளைக்கான ஜெர்மானியச் சொல் 'பிராய்டிகாம்' முடிவில் உள்ள 'காம்' இதே குமாதான். குமா, காம் இரண்டிலும், குரூமில் உள்ள 'ர' இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் குமா வழக்கொழிந்ததும் பொருள் புரியாமல் போனது. பையன் என்ற பொருளில் புழங்கிய 'குரோம்' (இன்றைய குரூம்) 16ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தில் உட்கார்ந்தது. நாட்டார் சொற்பிறப்பு, அதாவது புரியாத சொல்லை மக்கள் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் பழக்கம், செய்த ஆள்மாறாட்டம். எனவே குமா விளக்கமே சரி.