வீட்டுக்கு வந்து பார்த்தவர்களால் மாறியது என்ன: ஆஸ்துமா ஆதரவுத் திட்டத்தில் எங்கள் 20 மாதங்கள்

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. நான்கு வயதிலிருந்தே வீசிங். திட்டத்தில் சேர்வதற்கு முந்தைய ஒரே ஆண்டில் மூன்று முறை அவசரப் பிரிவுக்கு ஓடினோம். மூன்றாவது முறை வீடு திரும்பும்போதுதான், ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் வீடுகளுக்குச் செவிலியர் வந்து உதவும் திட்டம் ஒன்று இருப்பதாகச் சொல்லிப் பெயர் எழுதிக்கொண்டார்கள். ஓராண்டில் ஆறு வருகைகள், நடுவில் தொலைபேசி விசாரிப்பு. வருகைகள் முடிந்து எட்டு மாதமாகிறது. சேரலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வருகைக்கு முன் இரண்டு நாள் வீட்டைத் துடைத்தேன். குறை சொல்லத்தான் வருகிறார்கள் என்ற பயம். வந்தவர் உட்கார்ந்ததும் கேட்டது ஒன்றுதான்: "பாப்பாவுக்கு மருந்து எப்படிக் கொடுக்கிறீர்கள்? வழக்கமாகச் செய்வது போலவே செய்து காட்டுங்கள்." காட்டினேன். இன்ஹேலரோடு பொருத்தி மருந்தை மூச்சில் இழுக்க உதவும் குழாயான ஸ்பேசரில் இரண்டு பஃப்பை (இரண்டு அழுத்து மருந்தை) ஒன்றாக அடித்தேன். மகள் வேகமாக உறிஞ்ச, ஸ்பேசர் விசில் அடித்தது. அந்தச் சத்தம் கேட்டால் மருந்து சரியாகப் போகிறது என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தேன். மூச்சை மிக வேகமாக இழுக்கிறாள் என்பதற்கான எச்சரிக்கை அது.

அவர் கண்டித்துப் பேசவில்லை. இன்ஹேலரைக் குலுக்கி, ஒரே ஒரு பஃப் அடித்து, மெதுவாக ஐந்தாறு மூச்சு இழுக்க வைத்து, மறுபடி குலுக்கி அடுத்ததை அடிக்கச் சொன்னார். ஸ்பேசரைக் கழுவியபின் துணியால் துடைப்பேன். துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளுமாம். சோப்புத் தண்ணீரில் அலசி, தானாகக் காயவிட வேண்டும். அப்புறம் இன்ஹேலரைத் திருப்பி, இன்னும் எத்தனை பஃப் மீதி என்று காட்டும் டோஸ் கவுன்டரைக் காட்டினார். பூஜ்யம். மருந்து தீர்ந்த பிறகும் காற்று மட்டும் வந்துகொண்டுதான் இருக்கும். எத்தனை நாள் வெறும் காற்றைக் கொடுத்தேனோ என்று நினைக்க இப்போதும் வயிறு கலங்குகிறது. மருத்துவமனையில் எல்லோரும் "இன்ஹேலர் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார்கள், "ஆமாம்" என்று சொல்லிவந்தேன். எப்படிக் கொடுக்கிறேன் என்று யாரும் பார்த்ததில்லை.

இரண்டாவது வருகையில் பேசியதுதான் என்னைப் பொறுத்தவரை மொத்தத் திட்டத்தின் உயிர். தினமும் போட வேண்டிய தடுப்பு இன்ஹேலரை, மகள் நன்றாக இருக்கும் வாரங்களில் நிறுத்திவிடுவோம். அதில் இருப்பது ஸ்டீராய்டு, அந்தச் சொல்லே காரணம். "சரி, என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் கணக்குச் சொன்னார். இன்ஹேலரில் இருப்பது மைக்ரோகிராம் அளவு. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். மூச்சுத்திணறல் முற்றி மருத்துவமனைக்குப் போகும்போது வாய்வழி கொடுக்கும் ஸ்டீராய்டோ மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கப் போகிறது. சின்ன அளவுக்குப் பயந்து, அந்த ஒரே ஆண்டில் மூன்று முறை பெரிய அளவைக் கொடுத்திருக்கிறோம். பக்கவிளைவே இல்லை என்று அவர் சொல்லவும் இல்லை. வாயில் புண் வராமல் இருக்க மருந்துக்குப் பிறகு கொப்பளிக்க வேண்டும், வளர்த்தி சற்றுக் குறையலாம் என்பதால் உயரத்தை அவ்வப்போது அளக்க வேண்டும் என்றார். மறைக்காமல் சொன்னதால்தான் நம்பினேன். அன்றிலிருந்து தடுப்பு மருந்தை நாங்களாக நிறுத்தியதில்லை.

வீட்டுச் சூழலைப் பற்றிச் சொல்வதானால், காற்று சுத்திகரிப்பான் வாங்கச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். படுக்கையில்தான் தொடங்கினார்கள். மகளுக்கு எது ஒவ்வாது என்ற பரிசோதனையில், படுக்கைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி என்று வந்திருந்தது. அதனால் மெத்தைக்கும் தலையணைக்கும் மூடிய உறை, விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது. அவள் விடாமல் கட்டிக்கொள்ளும் பொம்மையை ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் துவைப்பது. ஈரக்காற்றில்தான் அந்தப் பூச்சி பெருகும். ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைக்கப் பார்க்கச் சொன்னார். படுக்கையறைக்குள் துணி உலர்த்துவதை அன்றே நிறுத்தினோம். பூனையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றிருந்தோம், பரிசோதனையில் பூனை ஒவ்வாமை இல்லை. அது எங்களோடேயே இருக்கிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வைப் பின்னர் படித்தேன். அமெரிக்காவின் 7 நகரங்களில் 937 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒவ்வாதோ அதைக் குறிவைத்து ஓராண்டு வீட்டுக்கே போய் உதவியிருக்கிறார்கள். தொல்லை இருந்த நாட்கள் குறைந்தன, பலன் அடுத்த ஆண்டும் நீடித்தது. எங்கள் அனுபவமும் அப்படியே.

என் மாமனார் வெளியே நின்றுதான் புகைப்பார், அதனால் பாதிப்பில்லை என்று நம்பியிருந்தோம். "ஐயா, உங்கள் சட்டையிலும் கையிலும் புகை ஒட்டிக்கொண்டு உள்ளே வருகிறது, பாப்பா உங்கள் மடியில்தானே உட்காருகிறாள்" என்று செவிலியர் அவரிடமே சொன்னார். நான் சொல்லியிருந்தால் வீட்டில் சண்டை வந்திருக்கும். அவர் முழுதாக விடவில்லை. ஆனால் சட்டை மாற்றி, கை கழுவிவிட்டுத்தான் பேத்தியைத் தூக்குகிறார்.

குறைகளும் உண்டு. நான்காவது வருகைக்குப் பின் வேறொருவர் வந்தார், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. வருகைகள் பகலில் மட்டும் என்பதால் என் கணவர் ஒன்றில்கூட இல்லை. அவருக்கு எல்லாம் நான் சொல்லித்தான் தெரியும், இரவு மருந்து கொடுப்பது அவர்தான் என்கிறபோது இது சின்ன விஷயமில்லை. வாடகை வீட்டின் சுவர்க் கசிவுக்கு அவர்களால் செய்ய முடிந்தது ஒரு கடிதம் மட்டுமே. வீட்டுக்காரர் அதைச் சரிசெய்ய ஏழு மாதம் ஆனது.

பத்தாவது மாதம் ஒரு நள்ளிரவில் இழுப்பு வந்தது. நன்றாக இருந்தால் பச்சை, மோசமாகத் தொடங்கினால் மஞ்சள், அவசரம் என்றால் சிவப்பு என்று என்ன செய்ய வேண்டும் என மருத்துவர் எங்களுக்கென எழுதிக்கொடுத்த செயல்திட்டம் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. மஞ்சளில் எழுதியிருந்தபடி உடனடி நிவாரணத்துக்கான நீல இன்ஹேலரை ஸ்பேசரில் ஒவ்வொரு பஃப்பாகக் கொடுத்தோம். அதன் பலன் நான்கு மணி நேரம் தாங்கவில்லை, திட்டப்படியே மருத்துவமனைக்குக் கிளம்பினோம். முன்பெல்லாம் உதடு நீலமாகும்வரை காத்திருந்து ஓடியவர்கள் நாங்கள். அன்று காலையிலேயே வீடு திரும்பினோம். இந்த 20 மாதத்தில் மருத்துவமனைக்குப் போனது அந்த ஒருமுறைதான்.

வருகைகள் ஓராண்டோடு முடிவது எனக்குச் சரியாகப் படவில்லை. குழந்தை வளர வளர ஸ்பேசர் மாறுகிறது, மருந்தின் அளவு மாறுகிறது, பள்ளியில் ஆசிரியர் மாறுகிறார். ஆண்டுக்கு ஒரு வருகையாவது தொடர வேண்டும் என்று கடைசிப் படிவத்தில் எழுதிக்கொடுத்தேன். இப்போது மகளே ஸ்பேசரைப் பிடித்துக்கொள்கிறாள், விசில் வந்தால் தானாகவே நிதானிக்கிறாள். போன வாரம் கவுன்டரில் 20 என்று காட்டினாள். புது இன்ஹேலர் வாங்கி வைத்துவிட்டோம்.