நடையா, டாக்ஸியா, வழிகாட்டியா: ஃபெஸ் பழைய நகரைச் சுற்ற எது சரி?

மொராக்கோவின் ஃபெஸ் நகரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் சரிவு. மேற்கே மேட்டில் பாப் பூ ஜெலூத் வாசல் இருக்கிறது. அங்கிருந்து பழைய நகரம் கராவியீன் பள்ளிவாசலையும் அதைத் தாண்டி ஆற்றையும் நோக்கிச் சரிந்துகொண்டே போகிறது. வாசலுக்குள் நுழைந்ததும் பிரியும் இரண்டு முக்கியத் தெருக்களின் பெயரே இதைச் சொல்லிவிடும்: தலா கபீரா, தலா ஸ்கீரா. அதாவது பெரிய ஏற்றம், சின்ன ஏற்றம். நடப்பதா, டாக்ஸி பிடிப்பதா, ஆளைக் கூட்டிப் போவதா என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தச் சரிவிலேயே இருக்கிறது.

சுவருக்குள் இருக்கும் சந்துகளில் கார் கிடையாது. 1981இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தப் பழைய நகரில் 9,000 சந்துகள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சில சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். ஆக, உள்ளே எல்லோருக்கும் கால்தான் வாகனம். தனியாக நடப்பதா, துணையோடு நடப்பதா என்பதுதான் கேள்வி.

தனியாக நடப்பவர்களுக்கு இறக்கம் பெரிய துணை. பூ ஜெலூத்தில் நுழைந்து தலா கபீராவைப் பிடித்துக் கீழ்நோக்கியே போனால், எங்கும் நிற்காமல் நடந்தால் சுமார் 20 நிமிடத்தில் அத்தாரீன் மதரஸா பக்கம் வந்துவிடலாம். தலா ஸ்கீராவும் அதே பகுதிக்குத்தான் இறங்குகிறது. வழி தவறினால் கீழே இறங்குங்கள், கராவியீன் பகுதியோ ர்சீஃப் சதுக்கமோ வரும். மேலே ஏறினால் பூ ஜெலூத் பக்கம் போய்ச் சேருவீர்கள். 1913இல் கட்டிய அந்த வாசலும் திசை காட்டும்: வெளிப்பக்கம் நீலம், ஊருக்குள் பார்க்கும் பக்கம் பச்சை.

போனில் இருக்கும் வரைபடத்தை இங்கே முழுதாக நம்பக்கூடாது. உயரமான சுவர்களில் பட்டுத் தெறித்து வரும் சிக்னலால் நீலப் புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவிவிடும். மேலே கூரை போட்ட கடைத்தெருவில் அது அசையாமல் நின்றுவிடுவதும் உண்டு. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டு சந்து தாண்டி ஒருமுறை திசையை மட்டும் பாருங்கள். தங்கும் ரியாத்தை (நடுமுற்றம் உள்ள பழைய வீட்டு விடுதி) குறித்து வைப்பதோடு, அதற்கு மிக அருகிலுள்ள வாசலையும் குறித்துக்கொள்ள வேண்டும். முட்டுச்சந்தைக் கண்டுபிடிக்கக் கடைகளே போதும். கடைகள் தொடர்ந்து இருந்தால் அது பெரும்பாலும் ஊடுவழி. கடைகள் நின்று, வெறும் சுவரும் வீட்டுக் கதவுகளும் மட்டுமாகி, பாதை இரண்டு முறை மடங்கினால் அது வீடுகளுக்குப் போகும் ‘தர்ப்’. அதற்குமேல் போகாமல் திரும்பிவிடலாம். செஃபாரீன் சதுக்கத்தைக் காதாலேயே பிடிக்கலாம், செம்புப் பாத்திரம் தட்டும் ஓசை இரண்டு சந்துக்கு முன்பே கேட்கும். அங்கிருந்து ர்சீஃப் ஐந்து நிமிட இறக்கம்.

தலா கபீராவில் கவனம் தேவைப்படுவது கோவேறு கழுதைகளிடம். கேஸ் சிலிண்டரும் தோலும் அவற்றின் முதுகில்தான் போகின்றன. பின்னாலிருந்து “பாலக்! பாலக்!” (வழி விடு) என்று குரல் வந்தால் திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே சுவரோடு ஒட்டி, முதுகுப் பையைக் கழற்றி முன்னால் பிடியுங்கள். விலங்கு இடிக்காமல் போனாலும் பக்கவாட்டில் துருத்தும் சுமை இடித்துவிடும். மழை நாளில் இந்தக் கல்தரை வழுக்கும், மழமழப்பான அடியுள்ள செருப்பு வேண்டாம்.

உரிமம் பெற்ற வழிகாட்டிக்கு அரை நாளுக்குச் சுமார் 300 திர்ஹாமிலிருந்து (மொராக்கோ பணம்) ஆகும். கழுத்தில் சுற்றுலா அமைச்சகத்தின் அடையாள அட்டை இருக்கும், அதைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. வழி தெரியாததற்காக மட்டும் அவரை அமர்த்தினால் அது வீண் செலவு. மரீனிது அரச வம்சத்தினர் கட்டிய பூ இனானியா மதரஸாவில் மரச் செதுக்கல் வேலையும் சுவரில் பதித்த வண்ண ஓட்டு வேலையும் எப்படிச் செய்யப்பட்டன, எந்தத் தொழில் எந்தத் தெருவில் ஏன் உட்கார்ந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவோருக்கு அந்தப் பணம் தகும். கராவியீனுக்குள் முஸ்லிம் அல்லாதவர் போக முடியாது. வாசலில் நின்று பார்ப்பதை விளக்க ஆள் இருந்தால் நல்லதுதான். தொடங்குவதற்கு முன்பே “கடைக்குப் போகவேண்டாம்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கம்பளக் கடையில் ஒரு மணி நேரம் போய்விடும், அங்கே கமிஷனும் விலையோடு சேர்ந்தே வரும்.

“இந்தப் பாதை மூடியிருக்கிறது, தோல் பதனிடும் இடம் இந்தப் பக்கம்” என்று சொல்லிக் கூடவே வரும் இளைஞர்கள் மூன்றாவது வழி. அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பாதை மூடியிருப்பது அபூர்வம். நன்றி சொல்லி நடையைத் தொடருங்கள். உண்மையிலேயே வழி தெரியாவிட்டால் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரைக் கேளுங்கள். கடையை விட்டு அவர் வரமாட்டார், கை மட்டும் காட்டுவார். ஷுவாரா தோல் தொட்டிகளை மேலிருந்து பார்க்கத் தோல் கடைகளின் மொட்டைமாடிதான் இடம். ஏறும்போது கையில் தரும் புதினா, தோல் நாற்றத்தைச் சமாளிக்க. இறங்கி வரும்போது சிறு தொகை கொடுப்பது வழக்கம்.

இனி டாக்ஸி. சிவப்பு நிறச் சின்ன டாக்ஸி நகர எல்லைக்குள் மட்டும் ஓடும், மூன்று பேருக்கு மேல் ஏற்றாது. மீட்டர் உண்டு. ஏறும்போதே “கொந்தூர், ஆஃபாக்” (மீட்டர், தயவுசெய்து) என்று சொல்லிவிடுங்கள். ரயில் நிலையத்திலிருந்து பூ ஜெலூத்துக்குப் பகலில் பெரும்பாலும் 20 திர்ஹாமுக்குள் முடிந்துவிடும். வழியில் அதே திசையில் போகும் இன்னொருவரை ஏற்றிக்கொள்வது இங்கே இயல்பு, அதை ஏமாற்று என்று எண்ணவேண்டாம். இரவு எட்டுக்குப் பிறகு ஐம்பது சதவீதம் கூடுதல், இதுவும் விதிப்படிதான். சண்டை வருவது பெரும்பாலும் சில்லறையால். 200 திர்ஹாம் நோட்டை நீட்டினால் மீதி கிடைப்பது கஷ்டம், ஐந்தும் பத்துமாக நாணயம் வைத்திருங்கள்.

நகரத்துக்குத் தெற்கே உள்ள விமான நிலையத்துக்குச் சின்ன டாக்ஸி வராது. பெரிய டாக்ஸிதான், மீட்டர் இல்லை, வண்டிக்குச் சுமார் 150 திர்ஹாம். ரயில் நிலையத்துக்குப் பேருந்தும் உண்டு, சில திர்ஹாம்தான், ஆனால் காத்திருப்பும் நெரிசலும் சேரும். பெட்டி இல்லாதவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

பெரிய பெட்டியோடு வருபவர்கள் ரியாத் எந்த நிறுத்தத்துக்கு அருகில் என்று முதலில் கேளுங்கள்: பத்ஹாவா, அய்ன் அஸ்லித்தனா, ர்சீஃபா? இந்த மூன்றில் தவறான இடத்தில் இறங்கினால் படிக்கட்டில் பெட்டியை இழுத்து ஏறவேண்டியிருக்கும். நிறுத்தத்தில் ‘கர்ரோசா’ என்னும் தள்ளுவண்டிக்காரர் இருப்பார், கிளம்புமுன் தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

முதல் நாளுக்கு எங்கள் தேர்வு இதுதான்: காலையில் டாக்ஸியில் பூ ஜெலூத், அங்கிருந்து நடந்தே இறக்கம், கடைசியில் செஃபாரீன் வழியாக ர்சீஃப். அங்கே சாலை வந்துவிடும். ஏறி நடக்காமல் சின்ன டாக்ஸியில் சுவரைச் சுற்றித் திரும்பிவிடுங்கள். மாலையில் ர்சீஃபில் வண்டி கிடைப்பது கடினம், ஐந்து மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமை மட்டும் இந்தத் திட்டத்தை வைக்காதீர்கள். தொழுகை நேரத்திலிருந்து பல கடைகள் கதவை இழுத்துவிடும், அடையாளம் வைத்திருந்த செருப்புக்கடையும் மசாலாக்கடையும் ஒரே மாதிரி மூடிய பலகைகளாகத் தெரியும்.