மைனஸ் 53 வந்தால் கேபிளைப் பிடுங்காதீர்கள்: ஜிஃபோட்டோ2 மதிப்பாய்வு

லினக்ஸ் கணினியில் கேமராவைச் செருகிவிட்டு ஷாட்வெல்லைத் திறந்தாலும் சரி, டிஜிகேம், டார்க்டேபிள், என்டாங்கிள் என்று எந்தப் பட மென்பொருளைத் திறந்தாலும் சரி, பின்னால் நின்று கேமராவோடு பேசுவது ஒரே ஆள்தான்: லிப்ஜிஃபோட்டோ2 என்ற நூலகம். க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் கோப்பு மேலாளரில் கேமராவின் பெயர் தானாக முளைப்பதும் அதன் புண்ணியமே. அந்த நூலகத்தை டெர்மினலிலிருந்து நேராக ஓட்டும் சிறு நிரல்தான் ஜிஃபோட்டோ2. காசு கிடையாது, கட்டற்ற உரிமம், ஆதரவுப் பட்டியலில் 2,500க்கும் மேற்பட்ட கேமராக்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கார்டில் இருக்கும் படங்களைக் கணினிக்கு மாற்றுவது மட்டும்தான் வேலையென்றால் இதன் பக்கம் வர வேண்டாம். ஒரு கார்டு ரீடர் வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா பேட்டரியும் மிச்சம், நேரமும் மிச்சம். ஸ்டூடியோவில் கேபிள் பூட்டிப் படம் எடுத்து உடனே பெரிய திரையில் பார்ப்பது, பத்து விநாடிக்கு ஒரு படம் என்று தானாக எடுக்க விடுவது, கேமராவையே வெப்கேம் ஆக்குவது, இந்த மாதிரி வேலைகளில்தான் இது தன் மதிப்பைக் காட்டும். இன்னொரு பயனும் உண்டு. மற்ற மென்பொருள்கள் ‘கேமராவைத் திறக்க முடியவில்லை’ என்று முனகிவிட்டு நிற்கும் இடத்தில் இது பிழை எண்ணைக் கொடுக்கும்; தலைப்பில் இருக்கும் மைனஸ் 53 அப்படி ஒன்று. ஆகவே தினமும் டிஜிகேம்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றாலும், நோய் பார்க்க இதை நிறுவி வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

உபுண்டு, டெபியன் இரண்டிலும் ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஜிஃபோட்டோ2’ என்றால் முடிந்தது. (கட்டளைகளை இங்கே ஒலிப்புக்காகத் தமிழில் தந்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்து. விருப்பச் சொற்களுக்கு முன்னால் இரண்டு இடைக்கோடு.)

கேமராவைச் செருகி, ஆன் செய்து, முதலில் ஓட்ட வேண்டியது ஆட்டோ-டிடெக்ட். எல்லாம் சரியாக இருந்தால் இடப்பக்கம் மாடல் பெயரும் வலப்பக்கம் ‘யுஎஸ்பி:001,007’ என்பது போல ஒரு முகவரியும் வரும். கேபிளைக் கழற்றிச் செருகும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாவது எண் மாறும். போர்ட் முகவரியை ஸ்கிரிப்டில் அப்படியே எழுதி வைத்தவர்களின் ஸ்கிரிப்ட் மறுநாள் ஓடாமல் போவது இதனால்தான்.

பட்டியல் காலியாக வந்தால் ஜிஃபோட்டோ2வைக் குறை சொல்வதற்கு முன், செருகியிருக்கும் யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யுஎஸ்பி’ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். கேனான் கேமரா 04ஏ9 என்று தொடங்கும் எண்ணோடு தெரிய வேண்டும், நிக்கான் என்றால் 04பி0, சோனி என்றால் 054சி. இங்கேயே கேமரா தெரியவில்லையென்றால் மென்பொருளுக்கும் பிரச்சினைக்கும் தொடர்பே இல்லை. பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. சார்ஜருடன் வரும் மலிவு கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பி மட்டுமே இருக்கும், தகவலுக்கான மற்ற இரண்டு இருக்காது. இஓஎஸ் 1500டி போன்ற கேனான்களுக்கு 5 பின் மினி-பி கேபிள் போதும். நிக்கானின் பல சிறிய கேமராக்கள் கேட்பது யுசி-இ6 வகை 8 பின் கேபிள். தூரத்திலிருந்து பார்த்தால் மினி-பி போலத் தோன்றும், அழுத்திச் செருகினால் உடைவது கேமராவின் போர்ட்தான். இன்னொன்று பலருக்கும் தோன்றாது: வைஃபை உள்ள கேனான் இஓஎஸ் மாடல்கள் பலவற்றில் வைஃபை ஆன் ஆகியிருந்தால் யுஎஸ்பி இணைப்பு வேலை செய்யாது. மெனுவில் போய் அதை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

எல்எஸ்யுஎஸ்பியில் தெரிகிறது, ஆட்டோ-டிடெக்டில் மட்டும் கேமராவாக வரவில்லை என்றால் கேமராவின் யுஎஸ்பி முறையைப் பார்க்க வேண்டும். கேமராவுக்கு இரண்டு வேஷம். ஒன்று மாஸ் ஸ்டோரேஜ், அதாவது பென் டிரைவ் வேஷம். மற்றது பிடிபி, ஐஎஸ்ஓ 15740 என்று தரப்படுத்தப்பட்ட நெறிமுறை. ஜிஃபோட்டோ2வால் கேமராவை இயக்க முடிவது இரண்டாவதில்தான். பழைய நிக்கான்களில் செட்டப் மெனுவில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சோனியில் படம் எடுப்பதற்கு ‘பிசி ரிமோட்’ வைக்க வேண்டும். கோப்பு மாற்றத்துக்கான எம்டிபி முறையை வைத்தால் படங்களைக் கணினிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஷட்டரைத் தொட முடியாது. கேனான் பவர்ஷாட் சிறு கேமராக்கள் பல, படம் பார்க்கும் முறையில் இருந்தால்தான் வாயைத் திறக்கும்.

இனி அந்த மைனஸ் 53. ஆட்டோ-டிடெக்டில் கேமரா அழகாகத் தெரியும். சம்மரி என்றோ லிஸ்ட்-ஃபைல்ஸ் என்றோ கேட்டவுடன் ‘யுஎஸ்பி சாதனத்தைக் கைப்பற்ற முடியவில்லை’ என்ற பொருளில், மைனஸ் 53 என்ற எண்ணோடு, நீளமாக ஒரு செய்தி வரும். ஜிஃபோட்டோ2வை முதல்முறை ஓட்டுபவர்கள் மிக அதிகமாக முட்டிக்கொள்வது இங்கேதான். அந்தச் செய்தியின் மேல் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. ஜிவிஎஃப்எஸ் (க்னோமில் சாதனங்களைக் கோப்புறைபோலக் காட்டும் பகுதி) காரணமாக இருக்கலாம், கர்னல் மாட்யூல் (லினக்ஸின் உள் டிரைவர்) காரணமாக இருக்கலாம், அனுமதி இல்லாமல் இருக்கலாம் என்று ஒரே மூச்சில் எல்லோர் மேலும் கை நீட்டும். அதில் பெயர் சொல்லும் கர்னல் மாட்யூல்கள் அந்தக்காலத்து மலிவு கேமராக்களுக்கானவை. இன்றைய டிஎஸ்எல்ஆருக்கும் அவற்றுக்கும் ஒட்டு உறவு இல்லை. அவற்றைத் தேடிப் போய்ப் பொழுதைக் கழிக்காதீர்கள்.

நடப்பது இதுதான். க்னோம் சார்ந்த டெஸ்க்டாப்பில் ‘ஜிவிஎஃப்எஸ்-ஜிஃபோட்டோ2-வால்யூம்-மானிட்டர்’ என்று ஒரு பின்னணி நிரல் காத்துக்கொண்டிருக்கும். கேமரா செருகப்பட்டதும் அது கோப்பு மேலாளருக்குச் சேதி சொல்லும்; ‘ஜிவிஎஃப்எஸ்டி-ஜிஃபோட்டோ2’ என்ற இன்னொரு நிரல் கேமராவை மவுண்ட் செய்து யுஎஸ்பி இடைமுகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு இடைமுகத்தை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடிக்க முடியும். நீங்கள் டெர்மினலில் கட்டளை அடித்து முடிப்பதற்குள் இடம் போய்விட்டது. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் அந்த நிரலும் புதிதாகப் பாய்ந்து பிடிக்கும். சில நேரம் உங்கள் கட்டளை அரை விநாடி முந்திக்கொண்டு வேலை நடந்துவிடும்; அதனால்தான் ‘இரண்டு முறை கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை பலரிடம் ஊறிப்போயிருக்கிறது.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். ‘எல்எஸ்யுஎஸ்பி -டி’ (ட்ரீ என்பதன் முதல் எழுத்து) ஓட்டினால் கேமராவின் வரி இப்படி இருக்கும்: ‘போர்ட் 2: டெவ் 7, இஃப் 0, கிளாஸ்=இமேஜிங், டிரைவர்=யுஎஸ்பிஎஃப்எஸ், 480எம்’. டிரைவர் இடத்தில் யுஎஸ்பிஎஃப்எஸ் இருந்தால் யாரோ ஒரு நிரல் பிடித்திருக்கிறது. அந்த இடம் காலியாக இருந்தால் கேமரா சும்மா இருக்கிறது. கிளாஸ் இமேஜிங் என்றால் பிடிபி முறை, மாஸ் ஸ்டோரேஜ் என்றால் பென் டிரைவ் வேஷம். கடைசியில் 480க்குப் பதில் 12 வந்தால், மிகப் பழைய கேமரா அல்லாத பட்சத்தில், கேபிளோ ஹப்போ சரியில்லை. ஒரே வரியில் மூன்று சேதி. பிடித்தவரின் பெயர் வேண்டுமென்றால் ‘ஃபியூசர் -வி’ என்று அடித்து, சாதனத்தின் பாதையைக் கொடுங்கள்: டெவ், பஸ், யுஎஸ்பி, 001, 007, நடுவில் சாய்கோடுகள். பதிலில் ஜிவிஎஃப்எஸ்டியின் பெயர் வந்து நிற்கும்.

விடுவிப்பது எளிது. கோப்பு மேலாளரில் கேமராவின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வெளியேற்று குறியை அழுத்தலாம். டெர்மினலில் ‘ஜிஐஓ மவுண்ட் -எஸ் ஜிஃபோட்டோ2’. அதற்கும் மசியவில்லையென்றால், நிரலைப் பெயர் சொல்லிக் கொல்லும் ‘பிகில்’ கட்டளை. இங்கே ஒரு பொறி இருக்கிறது: பிகில் நிரலின் பெயரில் முதல் 15 எழுத்தைத்தான் பார்க்கும், வால்யூம்-மானிட்டரின் முழுப் பெயரோ அதைவிட நீளம். முழுப் பெயரைக் கொடுத்தால் எதுவும் சாகாது. ‘-எஃப்’ சேர்த்தால்தான் வேலை நடக்கும்.

தினமும் கேபிள் பூட்டி வேலை செய்யும் கணினி என்றால் ஒரேயடியாகப் பூட்டிவிடுங்கள்: ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் மாஸ்க் ஜிவிஎஃப்எஸ்-ஜிஃபோட்டோ2-வால்யூம்-மானிட்டர்.சர்வீஸ்’. ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த, மாஸ்க் இருந்த இடத்தில் ஸ்டாப் போட்டு ஒருமுறை. பிறகு கோப்பு மேலாளரில் கேமரா தெரியாது, வேண்டுமென்றால் அன்மாஸ்க். அந்த நிரலின் இயங்கு அனுமதியைச் ‘சிஎச்மாட்’ போட்டுப் பறிக்கும் பழைய வைத்தியம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த அப்டேட் வந்ததும் அது காற்றில் போய்விடும்.

அதே தோல்வி அனுமதிக் குறைவாலும் வரலாம். பிரித்தறிய ஒரு சோதனை: ஒரே ஒருமுறை சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு ஓட்டுங்கள். ஓடினால் அனுமதிச் சிக்கல். சூடோவிலும் தோற்றால் வேறு நிரல் பிடித்திருக்கிறது. திரைக்கு முன் உட்கார்ந்து லாகின் செய்தவருக்குக் கேமரா அனுமதி தானாகக் கிடைக்கும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினிக்குள் நுழைபவருக்கு அப்படிக் கிடைக்காது. சாதனக் கோப்பை ‘எல்எஸ் -எல்’ போட்டுப் பார்த்து, அதில் இருக்கும் குழுவில் உங்கள் பயனரைச் சேர்த்துவிட்டு மறுபடி லாகின் ஆகுங்கள். சூடோவையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். இறங்கும் படங்கள் எல்லாம் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கின் பெயரில் விழும், பிறகு அவற்றை நகர்த்தவும் சூடோ தேவைப்படும்.

மற்ற எண்களைப் பற்றிச் சுருக்கமாக. மைனஸ் 52 என்றால் குறிப்பிட்ட போர்ட்டில் கேமரா இல்லை, பழைய முகவரியைக் கொடுத்திருப்பீர்கள். மைனஸ் 105 மாடல் தெரியவில்லை. புது கேமரா, பழைய நூலகம். மைனஸ் 7, மைனஸ் 10 இரண்டும் நடுவழியில் பேச்சு அறுந்ததற்கான அடையாளம். கேமராவின் ஆட்டோ பவர் ஆஃபை அணைத்துவிட்டு, ஹப் இல்லாமல் நேரடி போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

படம் எடுக்கும்போது வரும் தொல்லை வேறு ரகம். கேனானில் ‘ஃபுல்-பிரஸ் ஃபெயில்ட், 0எக்ஸ்2019’ என்று வந்தால், சொல்வது ‘கேமரா பிஸி’ என்றாலும் நிஜத்தில் பெரும்பாலும் லென்ஸ் ஃபோகஸ் கிடைக்காமல் தடவிக்கொண்டிருக்கிறது. லென்ஸை எம்எஃப்புக்கு (கையால் ஃபோகஸ் செய்யும் முறை) தள்ளினால் சரி. எடுத்த படம் கார்டில் இல்லை என்று பதறுபவர்கள் ‘கேப்சர்டார்கெட்’ அமைப்பைப் பார்க்கவும்: 0 என்றால் கேமராவின் உள் நினைவகம், 1 என்றால் மெமரி கார்டு. உள் நினைவகத்துக்கு எடுத்து நேரே கணினியில் இறக்கினால் கோப்புக்குக் ‘கேப்ட்0000’ என்று பெயர் வரும். அடுத்த முறை ஓட்டினாலும் அதே பெயர்தான். ‘மேலெழுதவா?’ என்று கேட்டுவிட்டு ஸ்கிரிப்ட் விடியும்வரை பதிலுக்காகக் காத்திருக்கும். ஃபைல்நேம் விருப்பத்தில் தேதி நேரத்தைச் சேர்ப்பதுதான் மருந்து. சதவீதக் குறிக்குப் பின் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். இதை மாற்றிப் போட்டுவிட்டுப் படங்கள் ஏன் வரிசை கலைந்தன என்று தலையைச் சொறிபவர்கள் உண்டு. கோப்பின் பின்னொட்டுக்குப் பெரிய சி.

இடைவெளிப் படங்களுக்கு இன்டர்வல் 10, ஃபிரேம்ஸ் 360 கொடுத்தால் ஒரு மணி நேரம் நடக்கும். ஸ்டூடியோவுக்குக் கேப்சர்-டெதர்ட், ஷட்டரைக் கையால் அழுத்தினாலும் படம் கணினிக்கு வந்துவிடும். கூடவே ஹுக்-ஸ்கிரிப்ட் கொடுத்தால், படம் இறங்கியதும் அதன் பெயர் ‘ஆர்க்யுமென்ட்’ என்ற மாறியில் உங்கள் ஸ்கிரிப்டுக்கு வரும். திரையில் காட்டுவது, நகல் எடுப்பது எல்லாம் அங்கிருந்து உங்கள் இஷ்டம். இந்த ஒரு வசதிக்காகவே இதைக் கற்றுக்கொள்ளலாம்.

மேக்கில் ஹோம்ப்ரூ வழியாக நிறுவலாம். அங்கே கேமராவை முந்திப் பிடிப்பவர் ‘பிடிபிகேமராடி’. கொன்றாலும் உடனே உயிர்த்தெழுவதால் லினக்ஸைவிடக் கூடுதல் இழுபறி. விண்டோஸில் கேமராவின் டிரைவரை வின்யுஎஸ்பிக்கு மாற்ற வேண்டும். மாற்றியபின் விண்டோஸின் சொந்தப் பட இறக்குமதிக்குக் கேமரா தெரியாது. அந்த வழியைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

வெப்கேமுக்கு, போலி வெப்கேம் ஒன்றை உருவாக்கும் வி4எல்2லூப்பேக் மாட்யூலும், வீடியோவை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக்கும் வேண்டும். மாட்யூலை ஏற்றும்போது ‘எக்ஸ்க்ளூசிவ்_கேப்ஸ்=1’ கொடுக்காவிட்டால் குரோம் அதைக் கேமராவாகவே கணக்கில் எடுக்காமல் போகலாம். பிறகு ஸ்டுடவுட், கேப்சர்-மூவி இரண்டையும் சேர்த்து ஓட்டி, வருவதை எஃப்எஃப்எம்பெக்குக் குழாய் வழியே தள்ள வேண்டும். கிடைப்பது கேமராவின் லைவ் வியூ படம்தான், முழு எச்டி வீடியோவை எதிர்பார்க்காதீர்கள். லைவ் வியூ பேட்டரியை வேகமாகக் குடிக்கும், யுஎஸ்பி கேபிளோ 1500டி போன்ற கேமராக்களுக்குச் சார்ஜ் ஏற்றாது. நீண்ட கூட்டம் என்றால் சுவர் பிளக்கில் செருகும் டம்மி பேட்டரி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.