அம்மம்மாவின் கல்வெட்டு: யாழ்ப்பாண அச்சகம் ஒன்றின் வேலை எப்படி?

இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் செய்யும் அந்தியேட்டிக் கிரியையன்று கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு மலரை நகரத்து அச்சகம் ஒன்று நேர்த்தியாகவே செய்கிறது. ஏ5 அளவு, உள்ளே 130 ஜிஎஸ்எம் எடையுள்ள ஆர்ட் தாள், அட்டை 300. நடுவில் கம்பி அடிப்பதால் பக்கங்கள் நான்கின் மடங்காகவே வரவேண்டும்.

பெரிய தலையிடி எழுத்துருதான். யூனிகோடில் அனுப்புவதைப் பழைய எழுத்துருவான பாமினிக்கு மாற்றுகிறார்கள். கொம்பு இடம்மாறி ‘பொருளாளர்’ உடைந்து நிற்கும். பெயர்களையும் தேவாரப் பக்கத்தையும் புரூஃபில் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

பழைய ஸ்டூடியோப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மங்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள். முகத்தை மெருகூட்டவும் விடாதீர்கள். சுருக்கமே இல்லாத எண்பது வயது முகம் யாருக்கு வேண்டும்?

இறந்த நாளின் திதியைச் சொல்லும் வெண்பா, வம்சாவளி எல்லாம் ஒழுங்கு. வாழ்க்கை வரலாறுதான் சப்பென்றிருக்கிறது. ‘விருந்தோம்பலில் சிறந்தவர்’ என்ற அவர்களின் ஆயத்த வசனம் எவருக்கும் பொருந்தும். மாதர் சங்கத்திலும் சனசமூக நிலையத்திலும் உழைத்தவர் என்றால் கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டி, எந்த ஆண்டு என்ன பதவி, எந்தக் கிணறு, எந்த வாசிகசாலை என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். இரண்டாவது புரூஃப் கேட்டால் தருகிறார்கள். கேட்காவிட்டால் நேரே அச்சுக்குப் போய்விடும்.