கதண்டுக்கும் வந்தார்கள், வைக்கோல் போருக்கும் வந்தார்கள்

மே மாதம் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். கும்பகோணத்திலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி எங்கள் கிராமம். சிங்கப்பூரிலிருந்து போய் இறங்கிய மறுநாளே, கொல்லைப்பக்கம் போகாதே என்று அம்மா தடுத்துவிட்டார். பனைமரத்தில் கதண்டு என்கிற விஷக் குளவி கூடு வைத்திருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கதண்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டமாகக் கொட்டினால் உயிரே போய்விடும்.

"இதுக்கெல்லாம் ஃபயர் சர்வீஸ் வருவாங்களா சித்தப்பா?"

"101க்குப் போடு தம்பி. வருவாங்க."

போனை எடுத்தவர் பொறுமையாகப் பேசினார். "பகல்ல கலைச்சா ஊரையே கொட்டிடும் சார். இருட்டுனதும் வர்றோம். அதுவரைக்கும் மரத்துக்கிட்ட யாரையும் விடாதீங்க, நீங்களா புகை கிகை போட்டுடாதீங்க."

ஏழரை மணிக்கு நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் தலை முதல் கால்வரை மூடும் உடையை மாட்டிக்கொள்ள, இன்னொருவர் டார்ச் அடித்து அவர் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இடைவெளி இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அதன்பிறகுதான் நீளமான கழியில் சுற்றிய பந்தத்தைக் கொளுத்தினார்கள். கூடு எரிந்து முடியும்வரை மூன்றாமவர் தண்ணீர்க் குழாயோடு காத்திருந்தார். காய்ந்த மட்டையில் தீ பிடித்தால் பக்கத்துக் கூரைக்குத் தாவிவிடுமே. அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அடுத்த வாரம் பக்கத்து ஊரில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. இங்கே மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆளாளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோமே தவிர, முதல் இருபது நிமிடம் 101க்கு யாருமே போடவில்லை. இன்னொருவர் போட்டிருப்பார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறோம். சிங்கப்பூரில் புகையைப் பார்த்தாலே கை தானாக 995க்குப் போகும். எனக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை.

வண்டி கொண்டுவந்தது 4,500 லிட்டர். வைக்கோல் போருக்கு அது எந்த மூலைக்கு? மேலே அணைந்த மாதிரி தெரியும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பிரித்துப் போட்டு நனைத்தால்தான் அடங்கும். ஜேசிபி ஒரு பக்கம் பிரிக்கப் பிரிக்க, தண்ணீர் தீர்ந்துவிட்டது. சிங்கப்பூரில் சாலையோரமே தீயணைப்புக் குழாய் இருக்கும். இங்கே குளம்தான். அந்தக் குளத்தில் உறிஞ்சுகுழாயை இறக்கினால் ஆகாயத்தாமரை வந்து வாயை அடைத்துக்கொண்டது. ஒரு வீரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் செடியை விலக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார். அடுத்த நிலையத்து வண்டியும் வந்த பிறகுதான் தீ அடங்கியது. மாட்டுக்கொட்டகை போய்விட்டது. மாடுகளை முன்னாலேயே அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.

கும்பகோணத்துக்காரர்களுக்குக் கூரையில் தீ என்றால் 2004 ஜூலை 16தான் நினைவுக்கு வரும். சமையல்கூடத்துத் தீ பள்ளிக் கூரைக்கு ஏறி 94 பிள்ளைகள் போனார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்க வைத்தார்கள். வீடுகளிலும் கொட்டகைகளிலும் கீற்று இன்னும் இருக்கத்தான் செய்கிறது. அதனால் குளம் என்பது குளிக்க மட்டுமில்லை, அதுதான் நம் தீயணைப்புத் தொட்டி. அதைத் தூர்ந்துபோக விட்டுவிட்டு வண்டி லேட் என்று திட்டுவது நியாயமே இல்லை.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் தெருப் பையன்கள் ஆறு பேரும் நானும் எங்கள் குளத்தில் இறங்கினோம். முழுக் குளத்தையும் எங்களால் முடியவில்லை. வண்டி வந்து நிற்கக்கூடிய கிழக்குப் படித்துறையை ஒட்டி, ஒரு மாட்டுவண்டி அகலத்துக்கு ஆகாயத்தாமரையை வாரிக் கரையில் போட்டோம். மீண்டும் மிதந்து வந்து மூடாமல் இருக்க, மூங்கிலைக் குறுக்கே கட்டியிருக்கிறோம். வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வதாகப் பையன்கள் சொல்லியிருக்கிறார்கள்.