செட்டிநாட்டு வீட்டைப் பதிய: பிளெண்டரா, வெண்பாவா?

பழைய வீட்டின் நினைவைப் பதிந்துவைக்க பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடல் மென்பொருளா, வெண்பா என்ற மரபுப் பாவா? காரைக்குடிப் பக்கம் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு இந்தக் குழப்பம் உண்டு.

செலவு: பிளெண்டர் இலவசம், ஓரளவு நல்ல கணினி மட்டும் வேண்டும். வெண்பாவுக்கு நோட்டும் பேனாவும் போதும்.

கற்பது: பிளெண்டரில் ஒரு தூணைச் செய்தால் போதும், ஒன்றைப் பல பிரதிகளாக வரிசைப்படுத்தும் அரே மாடிஃபையர் அதை வளவு (வீட்டின் உள்முற்றப் பகுதி) நெடுக நிறுத்திவிடும். ஆத்தங்குடிக் கல்லை, அதாவது அந்த வண்ணத் தரை ஓட்டை, படமெடுத்து மாடலின் தரையில் ஒட்டலாம். தேக்கு நிலைவாசலின் செதுக்கல்தான் பொறுமையைச் சோதிக்கும். வெண்பாவிலோ தளை, அதாவது சீருக்கும் சீருக்கும் இடையிலான ஓசைக் கட்டு, தட்டக் கூடாது. ஈற்றடி மூன்றே சீர், அதுவும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டில் முடிய வேண்டும். இந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்; வீண் சொல் நிற்காது.

நிலைப்பது: கோப்புக்குப் பிரதி அவசியம். வெண்பா மனப்பாடமாகிவிடும்.

இடிக்கப்போகும் வீடென்றால் முதலில் அளவெடுத்து மாடல் செய்யுங்கள். ஆச்சி முற்றத்தில் வற்றல் காயவைத்த மத்தியானத்தைச் சொல்ல வெண்பாதான் சரி.